நீராவி ஆளாத நீர்வழி

ஆற்றில் நீராவிப் படகு என்றால் ஹட்சன் ஆறும் கங்கையும்தான் நினைவுக்கு வரும். 1807இல் ராபர்ட் ஃபுல்டனின் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரையுள்ள 150 மைலை 32 மணி நேரத்தில் கடந்தது. 1823இல் கல்கத்தாவின் கிதர்பூரில் ‘டயானா’ என்ற நீராவிப் படகு நீரில் இறங்கியது. 1834இல் கங்கையில் அலகாபாத் வரை நீராவிப் படகுப் போக்குவரத்து தொடங்கியது. செங்கற்பட்டுக்கு வாய்த்ததோ பாலாறு. மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணல்.

ஆயினும் நமக்கும் ஒரு நீர்வழி உண்டு. 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய், உப்பங்கழிகளைக் கோத்துக்கொண்டே வளர்ந்தது. தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணத்தை எட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரைப் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டினார்கள். அவர்கள் வெட்டிய கால்வாய்க்கு 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது.

உப்பும் விறகும் நெல்லும் இவ்வழியே போயின. படகைச் செலுத்தியவை பாயும் கழியும் கயிறும். காற்று விழுந்தால் ஆட்கள் கரையேறி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்சாய்ந்து நடப்பார்கள். படகு பின்னால் ஊர்ந்து வரும். 1934இல் இவ்வழியே மாமல்லபுரம் போன பாரதிதாசன், படகிழுத்தவர்களின் துன்பத்தைக் கண்டு ‘மாவலிபுரச் செலவு’ பாடினார். ஃபுல்டனின் படகு ஓடி அப்போது 127 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கால்வாய்க்கும் நீராவிக்கும் தொடக்கம் முதலே பொருத்தம் குறைவு. 1803இல் ஸ்காட்லாந்துக் கால்வாயொன்றில் ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிப் படகு, எதிர்காற்றில் இரண்டு சரக்குப் படகுகளை இழுத்துக் காட்டியது. ஆனாலும் அதன் அலை கரையை அரித்துவிடும் என்று கால்வாய் உரிமையாளர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். நம் கால்வாயின் கரையோ வெறும் மணல். ஆழம் கடலின் ஏற்றவற்றத்தை நம்பியது. கூலியாளின் தோளும் மலிவாகக் கிடைத்தது. 1870களில் நீராவி செங்கற்பட்டுக்கு வந்தபோது, தண்டவாளத்தில் வந்தது.

1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரிகள் பெருகின, படகுகள் கரையேறின. நீராவிப் படகுகளின் பெயர்களையும் அவற்றைக் கட்டியவர்களின் பெயர்களையும் உலகம் எழுதிவைத்திருக்கிறது. இங்கே கயிறு இழுத்தவர்களின் பெயர்களை நம் நூல்களில் காண்பது அரிது. கோவளம் முதல் மரக்காணம் வரை கரையோர ஊர்களில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இம்மலரின் வாசகர்கள் முன்வர வேண்டும்.