கீழ் மடிப்பும் 150 வெள்ளியும்

நீலப் பினபோரின் கீழ் மடிப்பை அவிழ்த்துவிட்டால் இரண்டங்குல நீளம் கிடைக்கும். கூடவே ஒரு கோடும் வந்து சேரும். வெயிலில் காய்ந்து வெளுத்த துணிக்கு அடியில், மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதி மட்டும் வாங்கிய நாளின் கருநீலத்தோடு பட்டையாகத் தெரியும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் போகாது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவிலோ பகாவிலோ லிங்கியிலோ பெண் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய தாய்மாருக்கு அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. “போன வருஷத்து உடுப்பு” என்று ஊருக்கே சொல்லிவிடும் பட்டை அது.

இலங்கை மலையகத்தில் வெள்ளைக் கவுன் போட்டுப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. மடிப்பை அவிழ்த்து, அழுக்கேறிய ஓரத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நீலத்தில் அலசி எடுத்தால் பெரும்பாலும் தெரியாமல் போய்விடும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரு கவுன் இரண்டு வருடம் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் மலையகத் தோட்டங்களையும் அருகருகே வைப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இரண்டுமே தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியே ஆள் கொண்டுபோய் லயத்தில் குடிவைத்த இடங்கள். இங்கே பால்மரம், அங்கே கொழுந்து. கங்காணி, துரை, பெரட்டு என்ற சொற்கள் இரண்டு பக்கமும் புழங்கியவை. பிள்ளையின் சீருடையை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு இரு இடத்துத் தாய்மாரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “பத்தாமப் போனா மாத்த வேண்டியதுதான், கிழிஞ்சா மாத்த வேண்டியதுதான்.” நடப்பது வேறு. அரசு கொடுக்கும் உதவி என்ன வடிவில் வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் மாற்றும் நாளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மலேசியாவில் உதவி பணமாக வருகிறது. பள்ளித் தொடக்க உதவித்தொகை என்ற பெயரில் பிள்ளைக்கு 150 வெள்ளி. 2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் தருகிறார்கள். பள்ளி திறப்பதை ஒட்டிப் பள்ளி வழியாகக் கிடைக்கும். இரண்டு செட் சீருடை, சப்பாத்து, பை என்று கணக்குப் போட்டால் அந்தப் பணம் பாதி வழியில் தீர்ந்துவிடும். ஆனாலும் தோட்ட வேலையோ தொழிற்சாலை வேலையோ பார்க்கிற வீட்டுக்கு, மூன்று பிள்ளைகள் இருந்தால் 450 வெள்ளி சேர்ந்தாற்போல் கைக்கு வருவது சின்ன விஷயமில்லை. 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. அதில் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம் இந்த 450.

இலங்கையில் உதவி துணியாக வருகிறது. பிரேமதாச ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 1993இல் இலவசச் சீருடைத் துணித் திட்டம் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்ட 1970களுக்குப் பிறகு மலையகப் பிள்ளைகளின் வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களில் இதையும் சேர்க்கலாம்: வகுப்பில் எல்லோரும் ஒரே வெள்ளை. நடுவில் 2015 கடைசியில் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்துப் பார்த்தார்கள். வவுச்சரை எடுத்துக்கொண்டு லயத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் பெயர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். பிறகு மறுபடியும் துணிக்கே திரும்பினார்கள். பொருளாதாரம் சரிந்தபோது 2023க்கான துணியில் 70 விழுக்காட்டைச் சீனா நன்கொடையாக அனுப்பியது, 2024க்கு 80 விழுக்காடு, 2025க்கு முழுவதும்.

பணத்தைக் கொண்டுபோய் வாங்குவது ரெடிமேட். துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது தையற்காரரிடம். சீருடையின் ஆயுள் பிரியும் இடம் இது.

தையற்காரர் அளவெடுக்கும்போது தாய் பக்கத்தில் நின்று சொல்வார்: “கீழ கொஞ்சம் கூடுதலா மடிச்சுத் தையுங்க அண்ணே, பக்கத்துலயும் கொஞ்சம் துணி விடுங்க.” அந்தக் கூடுதல் துணிதான் அடுத்த வருடம். பக்கவாட்டுத் தையலுக்குள் விட்ட ஒரு விரற்கிடைத் துணி, பிள்ளை பருத்தால் பிரித்துவிட உதவும். ரெடிமேட் சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் ஓரத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. பினபோரின் கீழ் மடிப்பு மட்டும் ஏதோ கொஞ்சம் இருக்கும். அதை அவிழ்த்தால் நான் சொன்ன நீலப் பட்டை. அதனால் இங்குள்ள பெற்றோர் கூடுதல் துணியைத் தையலில் தேடாமல் சைஸில் தேடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயது சைஸ். முதல் பாதி ஆண்டு தோள்பட்டைத் தையல் கைக்குப் பாதி வழியில் தொங்கும். இரண்டாம் பாதியில்தான் உடுப்பு உடம்புக்கு வரும். பிள்ளை அழகாகத் தெரிகிற காலம் நான்கைந்து மாதம்தான்.

நல்ல தையற்காரர் கிடைக்கும் இடத்தில் துணியே மேல் என்பது என் கட்சி. ஆனால் துணி தாமதமானால் பிள்ளை பழையதைத்தான் போட வேண்டும், கூலியையும் தாய்தான் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அதில் தையல் கூலி எவ்வளவு கடிக்கும் என்பது வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பொறுத்தது. அரசு ஒரு பிள்ளைக்குத் தரும் துணியின் அளவோ வகுப்பைப் பார்த்துத் தரப்படுவது. பிள்ளையின் இடுப்பைப் பார்த்தல்ல.

உடம்பின் கணக்கு இரண்டு நாட்டிலும் ஒன்று. ஆரம்பப்பள்ளி வயதில் பிள்ளை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். இரண்டங்குல மடிப்பு ஏறக்குறைய அந்த வளர்ச்சிக்கே சரியாக இருக்கும். பருவ வளர்ச்சி தொடங்கியதும் கணக்கு தப்பும். உச்ச ஆண்டில் பெண் பிள்ளை 8 சென்டிமீட்டர் வரை வளர்வாள், பையன் 9 வரை. பெண்ணுக்கு அது சுமார் இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதில்.

மலேசியாவில் பன்னிரண்டு வயது என்றால் ஆறாம் ஆண்டு. வம்பு அங்கேதான். நாடு முழுக்க 1970இல் சீருடை ஒரே மாதிரி ஆனதிலிருந்து ஆரம்பப்பள்ளிக்குக் கருநீலம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெண்ணுக்கு வெளிர்நீலப்பச்சை, பையனுக்கு ஆலிவ் பச்சை நீளக்காற்சட்டை. ஆறாம் ஆண்டின் நடுவில் மகள் திடுதிப்பென்று வளர்ந்து, பினபோரின் இடுப்புப் பட்டை விலா எலும்புக்கு ஏறிவிடுகிறது. புதிது வாங்கினால் ஐந்து மாதத்துக்குத்தான். வாங்காவிட்டால் வளரும் பெண் இறுக்கமான உடுப்போடு காலைச் சபைகூடலில் நிற்க வேண்டும். “ஆறாம் ஆண்டு முடியட்டும்மா, படிவம் ஒண்ணுக்குப் புதுசா எடுத்துக்கலாம்” என்று தாய் சொல்வதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. நிறம் மாறுகிற இடத்தில் போட்ட பணம் திரும்பாது. ஆனால் அந்த ஐந்து மாதத்தைச் சுமப்பது மகள். தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்கு முந்தைய ரிமூவ் வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் இடைநிலைச் சீருடைதான் என்பதால் நீலத்துக்கு அங்கும் வேலையில்லை.

மலையகத்துப் பெண்ணுக்கு இந்த மதில் கிடையாது. தரம் ஒன்றிலிருந்து உயர்தரம் வரை வெள்ளைக் கவுன்தான். பதினொரு வயதில் தைத்த பெரிய அளவு பன்னிரண்டிலும் உதவும், பிறகு தங்கைக்குப் போகும். பையன்தான் அங்கே ஒரு முறை மாற வேண்டும்: நீலக் கட்டைக் காற்சட்டையிலிருந்து வெள்ளை நீளக் காற்சட்டைக்கு. அதுவும் மேல் வகுப்பில்.

துணி தேய்வதோ இடத்துக்கு இடம் வேறு. மலையகத்தில் மழை மாதங்களில் துவைத்தது காய்வதில்லை. அடுப்படிப் புகையில் உலர்த்தினால் வெள்ளை மஞ்சளாகும். இரண்டு செட் வைத்து ஓட்ட முடியாது, மூன்று வேண்டும். நெகிரியில் மத்தியானம் வரை வெயில், பிறகு ஒரு கொட்டு மழை. காலையில் போட்டால் காய்ந்துவிடும். இங்கே வெள்ளைக்கு எதிரிகள் வியர்வையும் செம்மண்ணும். பால்மரக் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் ஒட்டுப்பால் பொறுக்கப் போகிற பிள்ளைகள் உடுப்பை மாற்றாமல் போய்விட்டால் அன்றோடு அந்தச் சட்டை தீர்ந்தது. பால் கறை உலர்ந்தபின் எதற்கும் அசையாது. இன்று மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக் காட்டில் வேலை செய்வோரில் பெரும்பகுதி வெளிநாட்டார். நம்மவர்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து பல காலம் ஆகிறது. மாநிலத்தின் சுமார் 60 தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் பெயரில் மட்டும் இன்னும் தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் சிரம்பான், நீலாய் வீடமைப்புகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக் கடைசியில் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, வேலியில் கவிழ்த்து வைப்பது இரண்டு மூன்று தலைமுறையின் ஞாயிற்றுக்கிழமை வேலை. மலேசியாவில் 2018இல் கறுப்புக்கு மாறப் போவதாக அறிவித்து, 2019இலிருந்து விரும்பியவர் மாறலாம் என்று விட்டு, 2021இல் கட்டாயமாக்கினார்கள். அந்த இரண்டு ஆண்டு இடைவெளி நல்ல யோசனை. பிய்ந்த பிறகே மாற்றலாம் என்ற உரிமையைப் பெற்றோருக்கு அது கொடுத்தது. சீருடையில் எதை மாற்றினாலும் இப்படித்தான் மாற்ற வேண்டும்.

இங்குள்ள பெற்றோர் பலர் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்காத மாற்றம் 2024இல் வந்தது. அந்தக் கல்வியாண்டிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சீருடை, இரண்டு நாள் விளையாட்டு உடை, ஒரு நாள் சாரணர் போன்ற சீருடை இயக்கத்தின் உடை. ஐந்து நாள் உழைத்த வெள்ளைச் சட்டை இப்போது இரண்டு நாள்தான் உழைக்கிறது. முன்பு ஆண்டுக் கடைசிக்குள் கழுத்துப் பட்டையின் மடிப்பு பிசிறும், காற்சட்டையின் உட்காரும் இடம் பளபளக்கும்; துணி தோற்று, பிறகு பிள்ளை வளரும். இப்போது துணி நன்றாக இருக்கும்போதே பிள்ளை அதை விட்டு வளர்ந்துவிடுகிறது. பழைய பழக்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு செட் சீருடை வாங்குகிறவர்கள் ஒரு செட்டை வீணாக்குகிறார்கள் என்றே நினைக்கிறேன். தேய்மானம் முழுக்க விளையாட்டு உடைக்கு மாறிவிட்டது. அதுவோ பள்ளியின் பெயர் அச்சிட்ட டீசட்டை. பாசார் மாலாமில் கிடைக்காது, பள்ளியில்தான் வாங்க வேண்டும், வேறு பள்ளிக்குப் போகும் உறவுக்காரப் பிள்ளைக்கும் உதவாது.

நாட்காட்டியும் குழம்பிப்போனது. கொரோனாவுக்குப் பிறகு இரு நாட்டிலும் கல்வியாண்டு நழுவியது. மலேசியாவில் ஜனவரியில் திறந்த பள்ளி 2022இலிருந்து மார்ச்சுக்குப் போய், 2025இல் பிப்ரவரிக்கு வந்து, 2026இல்தான் ஜனவரிக்குத் திரும்பியது. இலங்கையில் 2023ஆம் ஆண்டுப் பாடம் மார்ச் கடைசியில் தொடங்கியது. 2025க்குரியது ஜனவரி 27இல். தீபாவளிச் செலவு முடிந்து ஒன்றரை மாதத்தில் பள்ளிச் செலவு என்ற பழைய நெருக்கடி நடுவில் கொஞ்சம் தளர்ந்தது. இனி மறுபடியும் இறுகும்.

ஆகவே நெகிரிப் பெற்றோருக்கு நான் சொல்வது: 150 வெள்ளியைப் பள்ளி திறக்கும் வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டாம். ஒரு செட் உடம்புக்குச் சரியான சைஸில் எடுங்கள். இரண்டாவதை நடுவாண்டு விடுமுறைக்கு ஒத்திவையுங்கள். அன்று பிள்ளையைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பொத்தான்களுக்கு இடையே சட்டை வாய் பிளந்தால், பினபோர் முழங்காலுக்கு மேலே வெகுதூரம் ஏறினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பணம் மிச்சம். நடுவாண்டில் கடையில் சைஸ் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானதுதான். பள்ளித் திறப்புக் கூட்டம் ஓய்ந்ததும் சீருடை அடுக்கைக் கடைக்காரர்கள் மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். சொல்லிவைத்தால் எடுத்துவைக்கிற கடை சிரம்பானிலும் உண்டு, பகாவிலும் உண்டு.

ஆறாம் ஆண்டுப் பெண்ணுக்கு வேறு வழி வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் படிவம் ஒன்றுக்குப் போகிறவர்களின் நீலப் பினபோர்கள் நல்ல நிலையில் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவற்றை வாங்கிச் சைஸ் எழுதி ஓர் அலமாரியில் வைத்தால் போதும். முப்பது நாற்பது பிள்ளைகள் மட்டுமே படிக்கிற பள்ளியில் ஒரு சங்கடம் உண்டு: யார் போட்ட உடுப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து செய்வது நல்லது. ரந்தாவுப் பிள்ளையின் பினபோர் லுக்குட்டுக்குப் போகட்டும், லுக்குட்டுடையது ரந்தாவுக்கு வரட்டும். பெயர்த்துணியையும் பள்ளிச் சின்னத்தையும் பிரித்தெடுக்க ஒரு பிளேடும் அரைமணி நேரமும் போதும்.