மகேந்திரகிரியும் ஒரு மூடிய வால்வும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நமது சங்கச் செயலாளர் வந்தபோது, "பழைய கதையெல்லாம் எல்லாரும் எழுதியாச்சே தம்பி, நான் எதை எழுத?" என்றேன். "அண்ணாச்சி, அந்த விருந்து ராத்திரியை எழுதுங்க. இப்ப படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாதுல்லா" என்றார். சரியென்று எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த இரவை எழுதினால் செவ்வாய்க் கிரகத்தின் கதையையும் எழுதத்தான் வேண்டும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அறிவியல் கண்காட்சியில் வென்ற மாணவ மாணவியருக்குச் சங்கத்தின் சார்பில் பரிசளிப்பும் இரவு விருந்தும். இடம், நம் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். இலையில் இடியாப்பமும் சொதியும், ஓரத்தில் அல்வாவும். மகேந்திரகிரியில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் சிறப்பு விருந்தினர். அவருடைய தலைப்பு, 'கோள்களை நோக்கி'.

பாபநாசத்துக்காரர்களுக்கு மகேந்திரகிரி அந்நியமில்லை. நம் தலைக்கு மேல் நிற்கும் பொதிகையின் அதே மலைத்தொடர்தான் தெற்கே போய் அங்கே 1,654 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அம்பை, களக்காடு, வள்ளியூர் தாண்டிப் பணகுடிக்குப் போனால் மலையடிவாரம். அனுமன் இலங்கைக்குத் தாவியது அங்கிருந்துதான் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் திரவ எரிபொருள் எஞ்சின்களைப் பற்றவைத்துச் சோதிக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கிலுள்ள விகாஸ் எஞ்சின் அங்கே சோதிக்கப்படுவது. 2014 பிப்ரவரி 1 முதல் அது இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்ற தனி மையமாக இயங்கி வருகிறது.

விருந்தினர் எடுத்த எடுப்பிலேயே, "ஒரு சிமெண்ட் மூட்டையைக்கூடத் தூக்க முடியாத எஞ்சினைப் பத்திப் பேசப் போறேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். மங்கள்யானில் இருந்த முக்கிய எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். நம் கணக்கில் சுமார் 45 கிலோ எடையைத் தாங்கும் அளவு. சிமெண்ட் மூட்டையோ 50 கிலோ. ஆனால் விண்வெளியில் காற்றின் தடை கிடையாது. சின்ன விசையானாலும் விடாமல் நிமிடக்கணக்கில் தள்ளினால் வேகம் மாறிக்கொண்டே போகும். அந்த எஞ்சின் வெற்றிடத்தில் எரிய வேண்டியது என்பதால், மகேந்திரகிரியில் ஒரு பெரிய அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குள்தான் இந்த வகை எஞ்சின்களை எரித்துப் பார்க்கிறார்கள்.

மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திட்ட இயக்குநர் சு. அருணன் நம் நெல்லை மாவட்டத்துக்காரர். பூமியைச் சுற்றிச் சுற்றி உயர்ந்து, டிசம்பர் 1 அதிகாலை செவ்வாயை நோக்கித் திரும்பியது. அதோடு பெரிய எஞ்சினை அணைத்தார்கள். மறுபடி அதைப் பற்றவைக்க வேண்டியது செவ்வாயின் வாசலில், ஏறக்குறைய 300 நாள் கழித்து.

இங்கே எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். "ஓடுற மிஷினைப் பத்திக் கவலையில்லடே. நின்னு கிடந்த மிஷினைத் திரும்ப ஓட வைக்கிறதுலதான் இருக்கு சங்கதி" என்பார்.

விருந்தினர் சொன்ன அடுத்த கதையும் அதைத்தான் காட்டியது. 1992இல் அமெரிக்கா அனுப்பிய மார்ஸ் அப்சர்வர் விண்கலம் 11 மாதம் நல்லபடியாகப் போய், சுற்றுப்பாதைக்குள் நுழைய 3 நாள் இருக்கும்போது, 1993 ஆகஸ்ட் 21 அன்று மௌனமாகிவிட்டது. நீண்ட பயணத்தில் வால்வுகளின் வழியே ஆக்சிகரணி ஆவி கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து, எஞ்சினுக்கு அழுத்தம் கொடுத்தபோது குழாய் வெடித்திருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. 1998இல் ஜப்பான் அனுப்பிய நொசோமிக்கும் ஒரு வால்வுக் கோளாறால் எரிபொருள் வீணாகி, கடைசியில் அது செவ்வாயின் சுற்றுப்பாதையை அடையவே இல்லை.

"அடுத்தவன் தோத்ததை நாங்க படிச்சோம்" என்றார் விருந்தினர். பயணத்தின் தொடக்கத்தில் பயன்பட்ட எரிபொருள் வழியையும் வால்வுகளையும் அதன்பின் நம்பியிருக்க முடியாது என்று, மங்கள்யானில் இணையாக இன்னொரு வழியும் வேறு வால்வுகளும் வைத்தார்கள். எஞ்சினே ஏமாற்றினால் 8 சிறு உந்திகளை வைத்துச் சமாளிக்க மாற்றுத் திட்டமும் இருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று சுமார் 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எஞ்சின் எழுந்தது. 24ஆம் தேதி காலை சுமார் 23 நிமிடம் எரிந்து வேகத்தைக் குறைத்தது. அதில் பெரும்பகுதி நேரம் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருக்க, அங்கிருந்து செய்தி பூமிக்கு வரவே 12 நிமிடம். முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை எட்டிய முதல் நாடு என்ற பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் உழைக்கத் திட்டமிட்ட கலம் 2022 வரை உழைத்தது.

கைதட்டல் அடங்கியதும் விருந்தினர் கேட்டார்: "பரிசு வாங்காத பிள்ளைங்க யாராவது இருக்கீங்களா?"

கடைசிப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தயங்கிக் கையைத் தூக்கினாள். வாழைக்கு மண் காய்ந்ததும் தானே தண்ணீர் திறந்துவிடும் வால்வு ஒன்றைச் செய்திருந்த பிள்ளை. கண்காட்சியன்று வால்வு திறக்கவேயில்லை. நடுவர்களில் நானும் ஒருவன். "மாடல் ஓடலியேம்மா" என்று சொல்லி, அவள் நீட்டிய நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்த மேஜைக்குப் போனவன் நான்தான்.

"எங்கம்மா தப்பிச்சு?" என்றார் விருந்தினர்.

"ஒரு மாசம் மூடியே வச்சிருந்தேன் சார். தண்ணி உப்பு படிஞ்சு ஒட்டிக்கிட்டு. நோட்டுல எழுதியிருக்கேன்."

அவர் நோட்டை வாங்கினார். எழுந்து நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். "இதைத்தான் நாங்க வருஷக்கணக்கா பாத்துக்கிட்டிருந்தோம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். என் இலையில் அல்வா அப்படியே இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அந்த ஆண்டே நான் சங்கக் கூட்டத்தில் பேசினேன். ஓடாத மாதிரிக்குப் பரிசு கொடுத்தால் ஓடியதைச் செய்த பிள்ளைக்கு என்ன மரியாதை என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. கடைசியில், ஏன் ஓடவில்லை என்பதைச் சோதித்து எழுதிய குறிப்பேட்டுக்கும் தனிப் பரிசு என்று முடிவாயிற்று.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2இன் தரையிறங்கும் கலம் நிலவுக்கு 2.1 கி.மீ. உயரம் வரை சரியாக வந்து, அதன்பின் தொடர்பை இழந்தது. இஸ்ரோ அதை அலசியது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், சேர்ந்துகொண்டே போன பிழைகள், இறங்குவதற்கு அரைக் கிலோமீட்டர் சதுரம் மட்டுமே இடம் என்று காரணங்களைப் பின்னர் தலைவராக இருந்த எஸ். சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த கலத்தில் 5 எஞ்சின் 4 ஆனது. கால்கள் உறுதியாயின. எரிபொருள் கூடியது. இறங்கும் இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரிந்தது. எது எது தவறலாம் என்று முதலிலேயே பட்டியல் போட்டு வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு, வீரமுத்துவேல் தலைமையிலான குழுவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகதிக்கு அருகே இறங்கியது. அடுத்த மாதமே, செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா-எல்1 சூரியனை ஆராயக் கிளம்பியது. நம் பக்கத்து ஊர்ப் பெண்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சிக்கு வரும்போது ஓடாத மாடலை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வராதீர்கள். நோட்டோடு கொண்டு வாருங்கள். நடுவர்களாக வரும் என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். நோட்டைத் திறந்து பாருங்கள், வே. அந்த மாணவியின் நோட்டு இன்றும் நமது இயற்பியல் ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கிறது. இந்தச் சந்திப்புக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் படிக்கலாம். 14ஆம் பக்கத்தில் வால்வின் படம் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில், 'மறுபடி செய்ய வேண்டும்' என்று அவள் கைப்பட எழுதியிருக்கிறாள்.