கதவில் எழுதிய பெயர்கள்

பழைய பிரிட்டிஷ் லாரிகளை நினைவுகூரும் நாம் எஞ்சினில் தொடங்கினாலும், விரைவிலேயே கதவில் எழுதியிருந்த பெயருக்கு வந்துவிடுகிறோம். காரணம் உண்டு. சரக்குப் போக்குவரத்து அங்கே பெரும்பாலும் குடும்பத் தொழில். ஓரிரு லாரிகள் வைத்திருந்தவரும் தமக்கென ஒரு வண்ணம் தேர்ந்து, பெயரையும் ஊரையும் தூரிகையால் எழுதுவித்தார்.

லாரிகளுக்கும் பெயர்கள் இருந்தன. 1896-ல் லங்காஷயரின் லேலண்ட் என்னும் ஊரில் நீராவி வண்டியுடன் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் பீவர், ஹிப்போ, ஆக்டோபஸ் என்று விலங்குப் பெயர்களைச் சூட்டியது. ஆக்டோபஸுக்கு எட்டுச் சக்கரங்கள். நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் பாதி அவ்வூருடையதே. இத்தகைய கனரக லாரிகள் 1957 வரை மணிக்கு 20 மைலைத் தாண்டச் சட்டம் இடந்தரவில்லை. சாலையோரச் சிறுவனுக்குக் கதவுப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க அவகாசம் இருந்தது.

அப்பெயர்களை அழித்தது 1947-ம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம். ரயிலையும் சாலையையும் ஒருங்கிணைக்க விரும்பிய அட்லி அரசு, நெடுந்தூர வாடகை லாரித் தொழிலைத் தேசியமயமாக்கியது. 1948 முதல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 'பிரிட்டிஷ் ரோட் சர்வீசஸ்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. எஞ்சிய தனியார் வாடகை லாரிகளுக்குப் பொதுவாக 25 மைலே எல்லை.

1953-ல் சர்ச்சில் அரசு லாரிகளைத் திரும்ப விற்கச் சட்டம் இயற்றியது. சிலர் மீண்டும் தொழிலுக்கு வந்தனர்; எல்லோரும் வரவில்லை. தேசியமயத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. உரிமையாளர்களுக்கு இழப்பீடும் கிடைத்தது. ஆனால் தந்தை எழுதுவித்த பெயரின்மேல் வேறு வண்ணம் பூசப்படுவதைக் கண்ட மகனின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கைத்தான் நம் நினைவுகள் எழுதிவருகின்றன.