மலையேறாத ரயிலும் அறை தாண்டாத அழைப்பும்

கொடைரோடு ரயில் நிலையம் தான் நிற்கும் ஊரின் பெயரைத் தாங்கியதல்ல. 1875-ல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திருச்சியிலிருந்து மதுரையை எட்டியபோது, இந்த இடத்துக்கு உரிய பெயர் அம்மையநாயக்கனூர். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். அங்கே போகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் இது என்பதால் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ரயில் மலையேறவில்லை. இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். வண்டி ஏறும் மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் கைகூடியது. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊருக்காக ஒரு நிலையம் தன் பெயரையே விட்டுக்கொடுத்தது ஏன்? ரயில்வேக்கு எட்டாத அந்த ஊரை ரயில்வேயின் கணக்கில் பதிவுசெய்ய வேறு வழி இல்லை. சென்னையில் சீட்டு வாங்குகிறவருக்கும் சாமான் ஏற்றுகிறவருக்கும், மலைக்குப் போகிறது எது, சமவெளியில் நிற்கிறது எது என்பதை இந்தப் பெயர்தான் பிரித்துக் காட்டியது.

கணினி வலைப்பின்னல்களில் இதே வேலையைச் செய்கிற ஓர் உறுப்புக்கு ‘ரிலே’ என்று பெயர். ஐபி முகவரி கிடைக்காமல் திண்டாடும் விர்ச்சுவல் மெஷினைப் பார்க்கிறவர்கள் முதலில் முகவரி வழங்கும் சர்வரைச் சந்தேகிக்கிறார்கள். முகவரி வந்துசேரும் ஏற்பாட்டின் வரலாற்றைப் படித்தால் சந்தேகம் வேறு பக்கம் திரும்பும். எதிரெதிரான நோக்கங்களோடு பிறந்த மூன்று தொழில்நுட்பங்கள் இங்கே ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் தையல்தான் விடுகிறது.

முதலாவது, தானாக முகவரி வழங்குவது. 1984-ல் வந்த ரார்ப் முறையில், புதிதாக விழித்த கணினி தன் வன்பொருள் எண்ணைச் சொல்லி ‘என் முகவரி என்ன?’ என்று கூவும். அந்தக் கூவல் ஒரே கம்பியில் இருப்பவர்களுக்கு மட்டுமே கேட்கும் என்பதால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சர்வர் வேண்டியிருந்தது. 1985-ல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் எழுதிய பூட்பி நெறிமுறை இதற்கு வழி கண்டது: நடுவில் நிற்கும் ஒன்று கூவலைக் கேட்டு, தன் முகவரியை அதில் எழுதி, தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பிவைக்கும். அந்த முகவரியைப் பார்த்துத்தான் கேட்பவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று சர்வர் அறிகிறது. கொடைரோட்டின் பெயர்ப்பலகை செய்த வேலை அதுவேதான். ரால்ஃப் டிரோம்ஸ் 1993-ல் எழுதி, 1997-ல் ஆர்எஃப்சி 2131 என்று நிலைபெற்ற டிஎச்சிபி, இந்த அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, முகவரியைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தைச் சேர்த்தது. தேடல், முன்வைப்பு, வேண்டுகோள், ஒப்புதல் என்ற நான்கு செய்திகளில் வேலை முடிகிறது.

இரண்டாவதன் நோக்கம் இதற்கு நேர் எதிர். ஒரே ஸ்விட்சில் இணைந்த கணக்குப் பிரிவும் ஆய்வகமும் ஒன்றின் கூவலை மற்றொன்று கேட்கக் கூடாது என்பதற்காகப் பிறந்தது விலேன். 1998-ல் வெளியான 802.1க்யூ தரம், கம்பியில் போகும் ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட் அளவுள்ள டேக் ஒன்றைச் செருகச் சொன்னது. அதில் 12 பிட் பிரிவு எண்ணுக்கு, பயன்படக்கூடியவை 4094. கூவினால்தான் முகவரி கிடைக்கும் என்பது ஓர் ஏற்பாடு. கூவலை அடைத்துவைப்பது மற்றோர் ஏற்பாடு. இரண்டையும் சேர்த்து வாழவைக்கும் பொறுப்பு ரிலே மேல் விழுந்தது. விலேனுக்கு ரிலே அமைக்க மறந்தால், பழுதே இல்லாத சர்வர் பழி சுமக்கும்.

மூன்றாவதாக வந்த விர்ச்சுவல் மெஷின், கம்பியையும் ஸ்விட்சையும் ஒரே பெட்டிக்குள் மென்பொருளாக்கியது. டேக்கை யார் ஒட்டுவது, யார் கழற்றுவது என்ற கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. விஎம்வேரின் ஏற்பாட்டில் போர்ட் குரூப்பின் விலேன் எண் 0 என்றால் வெளியிலுள்ள ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும். 1 முதல் 4094 வரை என்றால் விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் ஹைப்பர்வைசரே ஒட்டிக் கழற்றும். 4095 என்றால் விர்ச்சுவல் மெஷினின் பொறுப்பு. ஹைப்பர்வைசர் டேக் ஒட்டி அனுப்ப, எதிரிலுள்ள ஸ்விட்சின் போர்ட்டில் அந்த எண்ணுக்கு அனுமதி இல்லையென்றால் சட்டகம் சத்தமில்லாமல் வீசப்படும். விண்டோஸ் இயந்திரம் காத்திருந்து பார்த்துவிட்டு 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். இதைவிட மோசம், டேக் வழியில் எங்கோ கழன்று, சட்டகம் டேக் இல்லாதவற்றுக்கான பொதுப் பிரிவில் போய் விழுவது. அங்கே வேறொரு சர்வர் தன் பட்டியலிலிருந்து ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். முகவரி கிடைத்துவிட்டதே என்று நிர்வாகி நிம்மதி அடைவார். பழுது பல நாள் மறைந்திருக்கும்.

சர்வர் ஒருபோதும் பழுதாவதில்லையா என்று கேட்கலாம். ஆகும், வழங்க முகவரி மீதமில்லாமலும் போகும். ஆனால் அவற்றைச் சர்வரின் பதிவேடே காட்டிவிடும். பதிவேடு காட்டாத பழுதுக்கு லினக்ஸ் உலகம் நன்கறிந்த ஓர் உதாரணம் உண்டு. சர்வரும் விர்ச்சுவல் மெஷினும் ஒரே பெட்டிக்குள் இருந்தபோது, சர்வர் ‘முகவரி கொடுத்தேன்’ என்று எழுதியது, மெஷின் ‘எதுவும் வரவில்லை’ என்றது. இரண்டும் உண்மை. செய்தி சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை நிரப்பும் வேலை நெட்வொர்க் கார்டுக்கு என்று விடப்பட்டிருந்தது. பதிலோ எந்தக் கார்டையும் தொடாமல் உள்ளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. பழைய டிஎச்சிபி கிளையன்ட் தொகை தவறென்று அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தொகையை நிரப்பித் தரும் வசதி 2010-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. சர்வரை எத்தனை முறை நிறுத்தி மீண்டும் தொடங்கியிருந்தாலும் இந்தப் பழுது தீர்ந்திருக்காது.

இவ்வளவு தொல்லை எதற்கு, முகவரியைக் கையாலேயே எழுதிவிட்டால் என்ன என்பது இன்னொரு வாதம். பத்து இயந்திரங்களுக்கு அது சரி. நூறு இயந்திரங்கள் ஒரே அச்சிலிருந்து நகலெடுக்கப்படும் இடத்தில், எழுதிய முகவரியும் சேர்ந்தே நகலாகும். டிஎச்சிபிக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: மெஷின்-ஐடி கோப்பையும் சேர்த்து நகலெடுத்த லினக்ஸ் இயந்திரங்கள் ஒரே அடையாளத்தைச் சொல்லி ஒரே முகவரியைப் பெறுவதுண்டு. ஆனால் அங்கே அடையாளத்தை அழித்துப் புதிதாக உண்டாக்கினால் போதும். கையால் எழுதிய கணக்கில் யார் எதை எப்போது எழுதினார் என்று தேட வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் இந்தக் கூவலையே ஒழித்துவிட்டன என்பவர்களும் உண்டு. ஒழிக்கவில்லை, தூரத்தைக் குறைத்திருக்கிறார்கள். கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் ஓர் ஏற்பாட்டில், ஒவ்வொரு வலைப்பின்னலுக்கும் தனியாக டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎச்சிபி சர்வரை வைத்து, கூவலுக்குப் பக்கத்திலேயே பதில் சொல்ல வைக்கிறார்கள்.

ஆகவே தேடல் சர்வரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விர்ச்சுவல் மெஷினின் இடைமுகம், பிரிட்ஜ், பெட்டியின் நெட்வொர்க் கார்டு, ட்ரங்க் போர்ட், ரிலே என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடந்துபோவதைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்து, டேக்கையும் காட்டச் சொல்லி, தேடல் செய்தி எந்த இடம் வரை வந்தது, எந்த எண்ணோடு வந்தது என்று பார்க்க வேண்டும். பதில் திரும்பும் வழியையும் அதே போல நடக்க வேண்டும், ஏனென்றால் போகிற வழியில் இருக்கிற டேக் வருகிற வழியில் இல்லாமல் போகலாம். அம்மையநாயக்கனூரில் தவறி இறங்கிய பயணி வண்டிக்காரரிடம் வழி கேட்டிருப்பார். சட்டகத்துக்கு அந்த வசதி இல்லை. தொலைந்த இடத்தை அதனால் சொல்ல முடியாது. கடைசியாக அதைப் பார்த்த இடத்துக்கும் முதலில் காணாமல்போன இடத்துக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.