இணை ஊர்கள்

வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு ஊர்கள், தங்கள் மக்கள் சார்பில் எழுதிக் கையொப்பமிட்டு ஏற்றுக்கொள்ளும் நட்புறவுக்கு 'இணை ஊர்கள்' என்று பெயர். இரட்டை நகரங்கள், சகோதர நகரங்கள் என்றும் சொல்வதுண்டு. அரசுகளின் உடன்படிக்கைகளில் எல்லையும் படையும் வரியும் பேசப்படும். இங்கே பேசப்படுவது பள்ளிப் பிள்ளைகளின் வருகையும் பாட்டுக் குழுவும் கால்பந்தும், வரும் விருந்தாளி யார் வீட்டில் தங்குவார் என்பதும்தான். நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்ட இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இந்த உறவு தழைத்து வளர்ந்திருக்கிறது.

அந்தச் சண்டையைத் தமிழகத்தில் விராலிமலைப் பக்கத்து மண்ணும் அறியும். விராலிமலையிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கி.மீ. போனால் திருச்சிராப்பள்ளிக் கோட்டை. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியை ஆங்கிலக் கும்பினியும் சந்தா சாகிப்பைப் பிரெஞ்சுக் கும்பினியும் ஆதரித்தன. 1751இலிருந்து 1754 வரை இந்தக் கோட்டையைச் சுற்றியே போர் நடந்தது. ஐரோப்பாவில் 1748லேயே இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டிருந்தன. இங்கேதான் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று, முற்றுகையில் தவித்த படைக்கு அரிசியும் ஆடுமாடுகளும் அனுப்பிவந்தார். ஸ்ரீரங்கம் தீவில் பாளையமிறங்கியிருந்த பிரெஞ்சுத் தளபதி லா, 1752 ஜூனில் சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

1904 ஏப்ரல் 8 அன்று பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகள் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் மக்களை மக்களோடு சேர்த்தது அந்தக் காகிதம் அல்ல, முதல் உலகப்போர் விட்டுச்சென்ற இடிபாடுகள். 1920இல் பிரித்தானியாவில் உதவிச் சங்கம் ஒன்று தொடங்கி, பிரான்சில் அழிந்த ஊர்களைத் தங்கள் நகரங்கள் தத்தெடுக்கச் செய்தது. பர்மிங்காம் ஆல்பெர் நகரை எடுத்துக்கொண்டது. கீத்லி, புவா து நோர் என்ற சிற்றூரை எடுத்துக்கொண்டது. எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒன்று செர். 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாள் காலையில், ஷெஃபீல்டு இளைஞர்கள் சேர்ந்து அமைத்த பட்டாளம் அந்தச் சிற்றூரைப் பிடிக்கப் போய்ச் சிதைந்தது. பிள்ளைகள் விழுந்த மண்ணை மீட்டெடுக்கத்தான் ஷெஃபீல்டு பணம் திரட்டியது. இதைவிடப் பெரிய காரணம் ஒரு நட்புக்குத் தேவையில்லை.

இன்றைய வடிவம் இரண்டாம் உலகப்போரில் பிறந்தது. 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரின் நடுப்பகுதியை எரித்துத் தீர்த்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடுக்கு அதைவிடக் கொடிய கதி வந்தபோது, அதன் வேதனை காவென்ட்ரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. காவென்ட்ரிப் பெண்கள் 800க்கும் மேற்பட்டோர் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களை ஊசியும் நூலும் கொண்டு பின்னினார்கள். பெயருக்கு ஆறு பென்ஸ் வீதம் காசும் போட்டு, துணியையும் பணத்தையும் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். துணி பங்கீட்டில் கிடைத்த காலம் அது. 1944இல் இரு நகரங்களும் இணை நகரங்களாயின. வோல்கோகிராட் என்று 1961இல் பெயர் மாறிய அந்நகரத்தில் இன்றும் அந்த விரிப்பைக் காத்துவருகிறார்கள்.

போர் முடிந்ததும் ஆங்கில, பிரெஞ்சு ஊர்கள் வரிசையாகக் கைகோத்தன. 1947இல் பிரிஸ்டலும் போர்தோவும் இணைந்தன. திராட்சை மது வணிகத்தால் இடைக்காலத்திலிருந்தே ஒன்றையொன்று அறிந்த துறைமுகங்கள் அவை. 1953இல் யார்க்கும் திழோனும், 1957இல் காவென்ட்ரியும் கானும் சேர்ந்தன. கான் 1944இல் நேச நாடுகளின் குண்டுகளாலேயே இடிந்த நகரம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1951இல் ஜெனீவாவில் உருவான ஐரோப்பிய நகராட்சிகள் மன்றம் இந்த முயற்சிக்கு முதுகெலும்பாயிற்று. விராலிமலையைவிடச் சிறிய பல ஊர்களும் இதில் உண்டு. ஊர் எல்லைப் பலகையில் ஊரின் பெயருக்குக் கீழே இணை ஊரின் பெயரும் இருக்கும். உள்ளூர்க் குழு ஒன்று ஆண்டுதோறும் பயணம் ஏற்பாடு செய்யும். விருந்தாளிகள் தங்குவது பெரும்பாலும் விடுதியில் அல்ல, வீடுகளில். பாஷை தெரியாவிட்டாலும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். என் பார்வையில் இந்த அமைப்பின் உயிர்நாடி அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

தமிழகத்தில் இந்த உறவு மாநகராட்சிகளின் வழியாக வந்தது. சென்னை 1966இல் அதே வோல்கோகிராடுடன் இணைந்தது. ஆகவே மேசைவிரிப்பு தைத்த காவென்ட்ரி நமக்கு ஒரு வகையில் சம்பந்தி ஊர். அமெரிக்காவின் டென்வர் 1984இலும் சான் அன்டோனியோ 2008இலும் சென்னையுடன் சேர்ந்தன. மேயர்களின் வருகையும் கையொப்பமும் நல்ல தொடக்கம். ஆனால் ஒரு தெருவின் குடும்பம் இன்னொரு தெருவின் குடும்பத்தை அறியும் நிலைக்கு அவை இன்னும் இறங்கி வர வேண்டும். 2016 அக்டோபரில் லண்டனின் கிங்ஸ்டன் நகரும் யாழ்ப்பாணமும் செய்துகொண்ட உடன்பாடு வேறு வகையானது. அப்போதைய வட மாகாண முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் நேரில் சென்று கையொப்பமிட்டார். போரால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் கிங்ஸ்டனில் கணிசமாக வாழ்கிறார்கள். உறவு முன்பே இருந்தது, கையொப்பம் பின்னால் வந்தது.

ஊரும் ஊரும் உறவு பூணுவது தமிழருக்குப் புதிதல்ல. மாமன் மச்சான் ஊர், பங்காளி ஊர் என்று முறை வைத்து அழைப்பதும், திருவிழாவுக்கு ஒருவருக்கொருவர் மரியாதை செய்வதும் இன்றும் கிராமங்களில் உள்ள வழக்கம். அதில் பெரியது ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் உள்ள அண்ணன் தங்கை உறவு. பிரெஞ்சுப் படை சரணடைந்த அதே ஸ்ரீரங்கத்திலிருந்து, தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு வரும் தங்கை மாரியம்மனுக்கு, அண்ணன் அரங்கநாதரின் சீராகப் பட்டுப்புடவையும் மாலையும் மஞ்சளும் பழங்களும் ஆண்டுதோறும் போகின்றன.