கரிசல் பிள்ளைகளின் வண்டிகள்

கோவில்பட்டி வட்டாரத்தில் பிள்ளைகள் தாங்களே செய்து ஓட்டிய வண்டிகளுக்குச் சாமான் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்த மண்ணின் தொழில் வரலாறே வந்துவிடும். நான் இங்கே பிறந்து, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். மறந்துபோவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பிள்ளைகளின் வண்டி தமிழுக்குப் பழையது. குதிரை பூட்டாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேர் பட்டினப்பாலையில் வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர்தான். எங்களுக்குக் காடுதான் தச்சுப்பட்டறை. சோளத்தட்டையை நறுக்கி, ஆணிக்குப் பதில் உடைமுள்ளைக் குத்தி மாட்டுவண்டி செய்வோம். கோடையில் நொங்கு வண்டி. நொங்கு எடுத்தபின் வெட்டிப்போட்ட இரண்டு காய்க்கூந்தலுக்கு நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் எந்த வண்டியும் ஓடாது. கரிசல் சகதி சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடவே விடாது.

இவையெல்லாம் தள்ளினால்தான் போகும். தானாக ஓடுகிற வண்டி எங்கள் கைக்கு வந்தது ஆலைகள் வந்த பிறகு.

பருத்தி விளைகிற சீமை இது. 1901லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. லாயல் மில், லட்சுமி மில் என்று ஊரின் பாதிப் பேச்சு மில்லைப் பற்றித்தான். தையல்கடையில் நூல் தீர்ந்த மரக்கண்டுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். கண்டின் துளை வழியே ரப்பர் வளையத்தைக் கோத்து, ஒரு பக்கம் சின்னக் குச்சியால் அசையாமல் பூட்டுவோம். மறுபக்கம் மெழுகுவர்த்தி வில்லை ஒன்று, அதற்கு வெளியே நீளக் குச்சி. நீளக் குச்சியைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் வைத்தால் அது மண்ணில் ஊன்றிக்கொள்ளும், கண்டு உருள ஆரம்பிக்கும். மெழுகு வழுக்கிக் கொடுப்பதால் முறுக்கு ஒரேயடியாக அவிழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கண்டின் விளிம்பில் பல் வெட்டிவிட்டால் செங்கல்லின் மேல்கூட ஏறும். நாங்கள் அதை டிராக்டர் என்றோம். இங்கிலாந்துப் பிள்ளைகளும் இதே வண்டியைச் செய்து விளையாடியிருக்கிறார்கள்.

தீப்பெட்டியின் கதை வேறு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தார்கள். மறு ஆண்டே தொழிற்சாலை கண்டார்கள். மழை பொய்க்கும் இந்தப் பூமியில் அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டுவாள். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. கணக்குக் குறைந்துவிடும் என்பதால் நல்ல பெட்டியைத் தொட விடமாட்டாள். நெளிந்ததுதான் எங்களுக்கு லாரி, பஸ், ரயில் எல்லாம்.

என்னைவிடச் சின்னப் பிள்ளைகளை விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாளெல்லாம் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு இருட்டியபின் திரும்புவார்கள். வண்டி செய்யும் சாமான் அவர்கள் விரலிடுக்கில்தான் இருந்தது, விளையாடும் நேரம் இல்லை. 1986இன் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எங்கள் பக்கத்துப் பள்ளி வருகைப் பதிவேட்டில் எந்தப் பாடத்திட்ட மாற்றத்தைவிடவும் பெரிய செய்தி அதுதான்.

மரச்சில்லுப் பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்தது, மரக்கண்டு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. தானாக ஓடும் வண்டி செய்ய என் மாணவர்கள் எலிப்பொறிக்கு வந்து சேர்ந்தார்கள். பலகையில் கம்பிச்சுருள் வைத்த இந்தப் பொறிக்கு 1894இல் அமெரிக்காவில் ஹூக்கர் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே நம் வயல்களில் வளைத்த மூங்கிலால் அடிக்கும் கிட்டி உண்டு. இரண்டிலும் வேலை செய்வது ஒன்றே: வளைத்துப் பூட்டிய விசை.

பொறியின் அடிக்கும் கம்பியில் 30 சென்டிமீட்டர் குச்சி ஒன்றைக் கட்டி, அதன் நுனியிலிருந்து நூலை வண்டியின் பின்சக்கர அச்சில் சுற்ற வேண்டும். கம்பி அரைவட்டம் அடிக்கும்போது 60 சென்டிமீட்டர் நூல் இழுபடும். அச்சின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 48 சுற்று. சக்கரத்துக்கு 12 சென்டிமீட்டர் குறுந்தகடு மாட்டினால் கணக்குப்படி 18 மீட்டர். நூல் அவிழ்ந்த பின்னும் வேகத்தில் கொஞ்சம் ஓடும். குச்சியைக் குட்டையாக்கினால் வண்டி சீறிக் கிளம்பும், ஆனால் சீக்கிரம் விசை தீர்ந்துவிடும். நெம்புகோல் பாடத்தை இதைவிடத் தெளிவாக நடத்த எனக்குத் தெரியாது.

இந்த வட்டாரத் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையை இப்படி வண்டி செய்வதற்கு விடுங்கள். கடையில் விற்கும் தயார் செய்முறைப் பெட்டிகள் வேண்டாம். நூல்கண்டு, தீப்பெட்டி, எலிப்பொறி என்று வீட்டில் கிடப்பதைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும். பொறியை இழுத்துப் பூட்டும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், விரல் பத்திரம். வண்டி எவ்வளவு தூரம் போனது என்பதை அவர்களே அளந்து எழுதட்டும்.