இருமுறை வந்த நள்ளிரவு: மலையகமும் மணிக்கூடும்

2006 மே மாதத்தில் செய்தி சேகரிப்பதற்காக ஹட்டன் பக்கம் சென்றிருந்தேன். அங்கே ஒரு தோட்டத்து அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த நண்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக் கணினியில் ஒரு சிறுநிரல் இருந்தது. மாலை 6 மணியானதும் அது தானே இயங்கி, அன்றைய கொழுந்து நிறைகளைக் கூட்டிக் கணக்கை மூடும். அதற்குப் பின் பதிவதெல்லாம் மறுநாளின் திகதியில் சேரும். இரண்டு ஆண்டுகள் பிசகின்றி ஓடிய நிரல், சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் பிழைத்தது.

பிழை வெளியே தெரிந்தது ஒரு கொழுந்துப் பெண்ணின் குரலில்.

"நா பதினெட்டுக் கிலோ போட்டேனுங்கய்யா, எப்புடி அரப்பேரு?"

தோட்டத்து வழக்கு அறியாத வாசகருக்காக ஒரு விளக்கம். ஒருநாள் முழுச் சம்பளத்துக்குரிய பதிவை மலையகத்தில் ‘பேர்’ என்பார்கள். விதித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். அங்கே அன்றைய அளவு 16 கிலோ. அந்தப் பெண் போட்டது 18. கணினி காட்டியது 12. மாலை நிறுவையின் 6 கிலோ மறுநாளுக்குப் போயிருந்தது. மாத மொத்தத்தில் ஒரு கிலோவும் குறையவில்லை என்பதால் மேலிடத்தில் எவருக்கும் ஐயம் எழவில்லை. குறைந்தது தொழிலாளியின் அரைநாட் கூலி மட்டுமே.

இந்தப் பிழையின் வேரைத் தேடினால், அது நிரலுக்கு வெளியே, இந்த நாட்டின் மணிக்கூட்டு வரலாற்றுக்குள் நம்மை இட்டுச்செல்கிறது.

மலையகத்தின் நாள் எக்காலத்திலும் பிறர் வகுத்த நேரத்தில்தான் தொடங்கியது. விடியுமுன் லயத்து வாசலில் தப்போசை, பிறகு பெரட்டுக்களம். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லே பெரட்டு ஆயிற்று என்பர். துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் நிற்க, ஆட்கள் மலைகளுக்குப் பிரிக்கப்படுவார்கள். பிந்தி வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான். லயத்தில் கடிகாரம் இல்லாத காலத்திலும் கடிகாரத்தின் ஆட்சி இருந்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்து சேர்ந்தபோது, கொழும்பின் நேரம் மலையேறி வந்தது.

அந்தக் கொழும்பு நேரமும் நிலையாக நின்றதல்ல. 1906 சனவரி முதலாம் திகதி இலங்கை கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதான நேரத்தை ஏற்றது. இரண்டாம் உலகப் போரில், 1942 சனவரியில் அரைமணியும் செப்டெம்பரில் மேலும் அரைமணியும் கூட்டப்பட்டன. 1945 ஒக்டோபரில் ஐந்தரை மீண்டது. அடுத்த அரை நூற்றாண்டு எவரும் முள்ளைத் தொடவில்லை.

மறுபடி தொட வைத்தது மலையகத்தின் வறட்சி. 1996இல் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போது நீரிலிருந்து பிறந்தது. அதில் முக்கியமான ஒரு பகுதி ஹட்டனைச் சூழ்ந்த காசல்றி, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களிலிருந்து லக்சபான, நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையங்களுக்கு இறங்கும் நீரிலிருந்து பிறந்தது. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றினால், 1960களின் இறுதியில் மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தலைகாட்டும். மலைநாட்டார் அதைப் பார்த்தே வறட்சியின் கடுமையை அளப்பார்கள். தேக்கங்கள் வற்ற, நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. மாலை வெளிச்சத்தை நீட்டினால் விளக்கெரியும் நேரம் குறையும் என்று அரசு கணக்கிட்டது. அந்த நீருக்குப் பக்கத்திலேயே இருந்த லயங்கள் பலவற்றில் அன்று மின்விளக்கே இல்லை. மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஆயினும் நேரம் எல்லோருக்குமாக மாற்றப்பட்டது.

1996 மே 25 நள்ளிரவில் முள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அரைமணி பின்னே வந்தது. மிச்சமிருந்த அரைமணி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. சனவரியில் ஆறரையை நெருங்கும் சூரிய உதயம், மணிக்கூட்டில் ஏழை நெருங்கிற்று. பனிமூட்டத்தில் பள்ளிக்கு நடக்கும் நுவரெலியாப் பிள்ளைக்கு அந்த அரைமணி வெறும் எண் அன்று. வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே நின்றன. இனக்கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அண்ணன் தலவாக்கலையிலும் தம்பி கிளிநொச்சியிலுமாக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு நேரங்கள் இருந்தன.

இருளில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் துன்பமும் காரணமாகச் சொல்லப்பட்டு, 2006 ஏப்ரலில் பழைய நேரம் திரும்பிற்று. புத்தாண்டுக்கு மறுநாள், 15ஆம் திகதி, நள்ளிரவு கடந்து 12.30 ஆனபோது முள் மீண்டும் 12.00க்கு வைக்கப்பட்டது.

இங்கேதான் தானியங்கு வேலைகளின் சிக்கல் தொடங்குகிறது. குறித்த திகதியில் குறித்த மணிக்கு ஒரு வேலையைச் செய் என்று இயந்திரத்துக்குச் சொல்கிறோம். அந்த மணி ஒருமுறைதான் வரும் என்பது நாம் சொல்லாமல் விட்ட நம்பிக்கை. 1996 மே 25இல் 12.15 என்ற நேரமே இலங்கையில் இருக்கவில்லை. அந்நேரத்துக்குக் குறித்த வேலை நடவாமலே போயிருக்கும். அவ்வாண்டு ஒக்டோபர் 26இலும் 2006 ஏப்ரல் 15இலும் 12.15 இருமுறை வந்தது. அப்போது ஒரே வேலை இருமுறை நடந்திருக்கக்கூடும். யுனிக்ஸ் உலகின் ‘கிரான்’ என்ற நேரக்காவலனின் பிற்கால வடிவங்கள் சில, மூன்று மணிக்குக் குறைந்த நேரத்தாவல்களை உணர்ந்து சமாளிக்கின்றன. எல்லா நிரல்களும் அப்படியல்ல. சாதகம் கணிப்போருக்கும் இதே தொல்லைதான். அந்தப் பத்தாண்டில் இலங்கையில் பிறந்த பிள்ளைக்கு ஐந்தரை என்று கொடுத்துக் கணித்தால், லக்கினமே மாறிப்போக இடமுண்டு.

இனி நண்பரின் கணினிக்கு வருவோம். முதலில் நிரலை வரிவரியாகப் பார்த்தோம். குறையில்லை. வைரஸ் என்று ஐயுற்றார், அதுவுமில்லை. பிறகு பிழைத்த நாள்களை ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் இடையே ஏழு நாள். அடுத்த தடயம் மின்னஞ்சல். சரியாக ஓடிய நாள்களில் கொழும்புக்கு அனுப்பிய மடல்கள், அங்கே அரைமணிக்கு முன்பே அனுப்பப்பட்டவை போலக் காட்டின.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது விடை தெரிந்தது. விடுமுறை முடிந்து வந்த நண்பர் கணினியின் முள்ளைத்தான் அரைமணி பின்னே நகர்த்தியிருந்தார். நேர வலயத்தை மாற்றவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி இலங்கையை ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர, ஆறு மணி’ என்றே இன்னும் எண்ணியிருந்தது. அது வாரத்துக்கொருமுறை இணையத்து நேரத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும். உலக நேரத்தை வாங்கி, அதில் ஆறு மணியைக் கூட்டி, நண்பர் திருத்தியதை மீண்டும் கெடுத்துவிடும். அன்று உண்மையான ஐந்தரை மணிக்கே கணக்கு மூடிக்கொள்ளும். நேரம் பிழை என்று கண்டு மறுநாள் நண்பர் முள்ளைத் திருத்துவார். அடுத்த வாரம் கதை தொடரும். வலயப் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி’ என்ற வரியைத் தேர்ந்ததும் பிழை நின்றது.

உலகக் கணினிகளுக்கான நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. 2011 முதல் ஐயானா அமைப்பின் பொறுப்பில் உள்ளது. ‘ஏசியா/கொழும்பு’ என்ற தலைப்பின் கீழ் நான் மேலே சொன்ன மாற்றங்கள் அனைத்தும் சில வரிகளில் அடங்கியுள்ளன. நம் நாட்டின் போர், வறட்சி, பள்ளிப் பிள்ளைகளின் இருட்டு எல்லாம் அங்கே வெறும் எண்கள்.

ஆயினும் வலயத்தைத் திருத்தியதோடு நண்பர் நிறைவடையவில்லை. அவர் செய்த இரண்டாவது திருத்தத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். கணக்கை மூடும் வேலையை 6 மணியிலிருந்து பிரித்தெடுத்தார். மாலை நிறுவையின் கடைசிப் பெயர் பதிவான பின், தாமே ஒரு கட்டளை கொடுத்தால்தான் மூடும் என்று மாற்றினார். பழைய கங்காணி செய்ததும் இதுவே. கடைசிக் கூடை தராசிலிருந்து இறங்கும்வரை அவர் கணக்குப் புத்தகத்தை மூடியதில்லை. வேலையின் முடிவே அவருக்கு நேரம்.

அரைப்பேர்கள் திருத்தப்பட்டன. அதற்குச் சான்றாக நின்றவை இரண்டு: நிறுவையிடத்தில் பென்சிலால் எழுதிய புத்தகம், தான் போட்ட கிலோவை மறக்காத ஒரு பெண்ணின் நினைவு. புத்தகத்தை ஒழித்துவிடலாம் என்று அந்த அலுவலகத்தில் அப்போதே பேச்சிருந்தது. அந்தப் பெண்ணும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அரைமணிப் பிழை அரைநாட் கூலியாகவே கணக்கில் நிலைத்திருக்கும்.

இன்று தோட்டங்களில் மின்தராசுகளும் கணினிக் கணக்கும் பெருகிவிட்டன. அவற்றை வரவேற்கிறேன். இயந்திரம் எந்த மணிக்கூட்டை நம்புகிறது, அதை யார் மாற்றலாம், மாற்றினால் யாருடைய பேர் பாதியாகும் என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.